கலைந்த தோட்டமும் கைப்பேசிக் குழுவும்

(ஈப்போவில், முன்னாள் தோட்டத்து மக்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) குழு அமைப்பதையும் நடத்துவதையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் குழு பிறக்கும் என்பதை உங்கள் பேரப்பிள்ளைகளே சொல்லித் தருவார்கள். நான் பேச வந்தது ஒரே ஒரு வகைக் குழுவைப் பற்றி. ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு திசைக்கொருவராகப் போனவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் குழு.

பெற்றோர் குழுவுக்குப் பின்னால் பள்ளி நிற்கிறது. தாமான் (குடியிருப்பு) குழுவுக்குப் பின்னால் தாமான் இருக்கிறது. குழு கலைந்தாலும் அந்த மனிதர்கள் சந்தையிலோ வாசலிலோ பார்த்துக்கொள்வார்கள். தோட்டத்துக் குழுவுக்குப் பின்னால் இன்று லயம் என்ற அந்த வரிசை வீடுகள் இல்லை. அங்கே செம்பனை நிற்கிறது, அல்லது புதிய வீடமைப்புத் திட்டம் எழுந்திருக்கிறது. அந்த மக்கள் அன்றாடம் கூடுவதற்கு மிஞ்சியிருக்கும் இடம் அந்தக் குழு ஒன்றுதான். ஆகவே அதை நடத்துபவரின் பொறுப்பு ஆலயத் தலைவரின் பொறுப்புக்குக் குறைந்ததில்லை என்று நான் கருதுகிறேன்.

தோட்டத்தில் செய்தி எப்படிப் போனது? விடியுமுன் பெரட்டு. ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், பெயர் கூப்பிடுவார்கள். யார் வரவில்லை என்பது அந்த நேரமே எல்லாருக்கும் தெரிந்துவிடும். வராதவருக்குக் காய்ச்சலா, வீட்டில் ஏதும் துக்கமா என்று கேட்க மாலையில் யாராவது வாசலில் போய் நிற்பார்கள். சாவு விழுந்தால் தப்புச் சத்தம் கேட்கும். பக்கத்துத் தோட்டத்துக்கு ஒருவர் சைக்கிளில் கிளம்புவார். தூரத்துச் சொந்தங்களுக்குத் தந்தி போகும். வசதி இருந்தால் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் அறிவிப்பும் வரும். பெரட்டு முதலாளியின் வசதிக்காக ஏற்பட்டது. அதில் அதட்டலும் அவமானமும் இருந்தன, அதை நான் புகழ மாட்டேன். ஆனாலும் வராதவர் யார் என்று நாள்தோறும் பார்த்த ஏற்பாடு அது. நம் குழுக்களில் இன்று அந்தப் பார்வை இல்லை. இருநூறு பேர் இருக்கும் குழுவில் இருபது முப்பது பேர் பேசுகிறார்கள். மற்றவர்கள் நலமாக இருக்கிறார்களா என்று யாரும் பார்ப்பதில்லை.

நாம் சிதறியது எப்படி? கோலகங்சாரில் ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ 1877இல் ரப்பர் கன்றுகளை நட்டார். அதற்குப் பிறகு பேராக்கில் நம் முன்னோரின் வாழ்க்கை பல தலைமுறைகள் அந்த மரத்தைச் சுற்றியே நடந்தது. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது முதல் சிதறல் வந்தது. அடுத்து கித்தாவை (ரப்பர் மரங்களை) அழித்துச் செம்பனை நட்டார்கள், செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். பிறகு நிலம் வீடாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியது. சுங்கை சிப்புட்டிலிருந்தும் பத்துகாஜாவிலிருந்தும் பீடோரிலிருந்தும் மக்கள் புந்தோங்குக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்தார்கள். பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேச’னும் 2019 பிப்ரவரியில் நின்றுவிட்டது. நம்மவர்களுக்குச் சாவுச் செய்தி போக வேண்டிய வழி இப்போது பெரும்பாலும் கைப்பேசிதான்.

சாவுச் செய்தியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு தோட்டத்துக் குழு இருப்பதற்கு முதற்காரணம் அதுதான் என்பது என் எண்ணம். திருவிழாவுக்குத் தேதி முன்கூட்டியே தெரியும், கல்யாணத்துக்குப் பத்திரிகை வரும். சாவு சொல்லிவிட்டு வருவதில்லை. நம் வழக்கத்தில் இறந்த மறுநாளே தகனம் முடிந்துவிடுவது உண்டு. ஜொகூரில் இருப்பவர் இரவு பேருந்தைப் பிடித்து வந்து முகம் பார்க்க வேண்டுமானால் மாலைக்குள் செய்தி அவர் கண்ணில் பட வேண்டும். அன்றைக்குக் குழுவில் காலை வணக்கப் படங்களும் அரசியல் காணொளிகளும் நாட்டு மருந்துக் குறிப்புகளும் குவிந்து கிடக்கும். எழவுச் செய்தி அதற்குள் புதைந்துபோகும். மூன்றாம் நாள் பார்த்துவிட்டு, ‘ஐயோ, எனக்கு யாரும் சொல்லலையே’ என்று அழுதவர்களை நீங்களும் அறிவீர்கள். அந்த அழுகைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் குழுவின் நிர்வாகி.

அதனால் செய்திக்கு ஒரு குழு, பேச்சுக்கு வேறொரு குழு. செய்திக் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். 2018இலிருந்து புலனத்தில் இந்த வசதி இருக்கிறது. 2022இல் ‘சமூகம்’ என்ற ஏற்பாடும் வந்தது. அதில் அறிவிப்புக்கென்று ஒரு குழு தானாகவே அமையும், அதன் கீழே பேச்சுக் குழுக்களை வைத்துக்கொள்ளலாம். சாதாரணக் குழுவிலேயே இன்று 1,024 பேர் வரை சேர முடியும். ஒரு பெரிய தோட்டத்தின் மூன்று தலைமுறையும் அதில் அடங்கும். செய்திக் குழுவை ஓசையோடு வைத்துக்கொள்ளுங்கள், பேச்சுக் குழுவின் ஓசையை அடக்கிக்கொள்ளலாம் என்று உறுப்பினர்களிடம் சொல்லிவிட வேண்டும். செய்திக் குழுவில் மாதத்துக்கு நாலைந்து செய்திக்கு மேல் வரக்கூடாது. அது ஒலித்தால் எழுந்து பார்க்க வேண்டும் என்ற பழக்கம் மக்களுக்கு வர வேண்டும். ஆறுதல் வார்த்தையும் கைகூப்பும் படமும் பேச்சுக் குழுவுக்குப் போகட்டும்.

அறிவிப்பை எழுதும் முறையும் முக்கியம். அடையாள அட்டையில் இருக்கும் பெயரை மட்டும் போட்டால் தோட்டத்து மக்களுக்கு ஆள் தெரியாது. இந்த அவையில் எத்தனை பேருக்குத் தங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியின் பதிவுப் பெயர் தெரியும்? ஸ்டோர் வீட்டு அக்கா, ஆயாக்கொட்டகை அம்மா, மேட்டு லயத்துச் சின்னவர் என்றுதானே நமக்குப் பழக்கம்? அழைத்த பெயர், இருந்த லயம், பார்த்த வேலை, அப்பா அம்மா பெயர், பிள்ளைகள் பெயர் இத்தனையும் வேண்டும். இளவயதுப் படம் ஒன்று கிடைத்தால் இன்றைய படத்தோடு அதையும் போடுங்கள். ஊரை விட்டு நாற்பது ஆண்டு ஆனவருக்கு இளவயது முகம்தான் நினைவில் இருக்கும். பிறகு வீட்டு முகவரி, சடங்கு தொடங்கும் நேரம், எந்த மின்சுடலை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரின் எண். குடும்பத்தாரிடம் குரலில் பேசி உறுதி செய்யாமல் ஒரு வரியும் போடாதீர்கள். மருத்துவமனையில் சேர்த்தவரை இறந்துவிட்டார் என்று முந்திக்கொண்டு போட்ட குழுக்கள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் அதை மறப்பதில்லை.

கைப்பேசியில் புலனம் இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய பொத்தான் போன் வைத்திருக்கும் தாத்தா, கண் மங்கிய பாட்டி, முதியோர் இல்லத்தில் இருப்பவர், கணவர் இறந்தபின் மகள் வீட்டில் ஒதுங்கிக்கொண்டவர். ஒரு குழுவின் தரத்தை நான் இவர்களை வைத்துத்தான் அளப்பேன். குழுவில் இல்லாதவர்களின் பட்டியல் ஒன்றை நிர்வாகி காகிதத்தில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவருக்குச் செய்தி சொல்லும் ஆளின் பெயர் இருக்க வேண்டும். லயம் வாரியாகப் பிரித்துவிட்டால் ஒருவருக்கு நாலைந்து அழைப்புதான் வரும். ஆண்டுக்கு இரண்டு முறை அந்தப் பட்டியலில் இருப்பவர்களை எந்தச் செய்தியும் இல்லாதபோதே அழைத்து நலம் விசாரியுங்கள். பெரட்டில் பெயர் கூப்பிட்டது கூலிக்காக. நாம் கூப்பிடுவது உறவுக்காக.

குழுவில் இருந்தும் பேசாதவர்களை எடுத்துக்கொள்வோம். நம் மூத்தவர்களில் பலர் மூன்றாம் வகுப்போடு பால் வெட்டப் போனவர்கள், தமிழில் தட்டச்சு செய்யக் கூசுவார்கள். அவர்களுக்குக் குரல் பதிவு பெரிய வரம். ‘எழுதுங்கள்’ என்று யாரும் அவர்களை வற்புறுத்தக் கூடாது. நிர்வாகியும் முக்கியமான அறிவிப்பை எழுத்திலும் குரலிலுமாக இரண்டு முறை போட வேண்டும். குரல் ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். எழுத வல்லவர்கள் தமிழிலேயே எழுதுங்கள். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005லேயே கைப்பேசியில் தமிழைக் கொண்டு வந்துவிட்டது. ரோமன் எழுத்தில் தமிழ் எழுதினால் பாட்டிக்கும் புரியாது, பேரனுக்கும் தமிழ் வராது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆள் சேர்ப்பதில் நாம் நிறையத் தவறுகிறோம். எண் கிடைத்தவுடன் கேட்காமலேயே சேர்த்துவிடுகிறோம். சாதாரணக் குழுவில் ஒருவரைச் சேர்த்தால் அவர் எண் அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். தனியாக வாழும் பெண்களுக்கு இரவில் வேண்டாத செய்திகள் வருகின்றன. அவர்கள் யாரிடமும் சொல்லாமல் குழுவை விட்டுப் போய்விடுகிறார்கள், தோட்டமும் அவர்களை இழந்துவிடுகிறது. சேர்க்குமுன் அழைத்துக் கேளுங்கள். யார் தங்களைச் சேர்க்கலாம் என்பதை ஒவ்வொருவரும் தங்கள் கைப்பேசியிலேயே கட்டுப்படுத்த 2019இலிருந்து வழி இருக்கிறது. சமூகத்தின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர் எண் மற்ற உறுப்பினர்களுக்கு மறைந்தே இருக்கும், பெண்களுக்கு அதுவே பாதுகாப்பு. நிர்வாகிகளில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதும் இதனால்தான். ஒரு பெண் தனக்கு நேர்ந்த தொல்லையை இன்னொரு பெண்ணிடம் சொல்வாள். புகார் உண்மை என்று தெரிந்தால் அந்த ஆள் யாராக இருந்தாலும் நீக்குங்கள். ஆலயத்துக்கு நிறையச் செய்தவர், வயதில் பெரியவர் என்ற பேச்சு அங்கே எழக்கூடாது.

வதந்தியைப் பற்றிப் பேசும்போது இரண்டு சம்பவங்களைச் சொல்லியாக வேண்டும். 2018 மே மாதம் தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடிப் போனது. அதில் மலேசியாவிலிருந்து போன உறவினரும் இருந்தார்கள். வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து ஊரார் அடித்தே கொன்றார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி அதற்கு முன்பே புலனத்தில் கைமாறிக் கைமாறிப் பரவியிருந்தது. அந்த ஆண்டு இந்தியாவில் பல மாநிலங்களில் இத்தகைய கொலைகள் நடந்தன. அதன்பிறகுதான் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாட்டை ஜூலையில் இந்தியாவிலும், 2019 ஜனவரியில் உலகம் முழுக்கவும் கொண்டுவந்தார்கள். பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு முறைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்பது 2020 ஏப்ரலில் வந்தது. இரட்டை அம்புக்குறியோடு ஒரு செய்தி வந்தால் அதை எழுதியவர் யாரென்று உங்களுக்கு அனுப்பியவருக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சம்பவம் நம் நாட்டிலேயே நடந்தது. 2018 நவம்பர் இறுதியில் சிலாங்கூரில் சீபீல்ட் மாரியம்மன் ஆலயத்தில் நிலத் தகராறையொட்டிக் கலவரம். அதுவும் தோட்டத்து ஆலயம்தான். கடமையாற்ற வந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப் படுகாயம் அடைந்து டிசம்பர் 17இல் உயிரிழந்தார். அந்த நாட்களில் எத்தனை காணொளிகள், எத்தனை ஆத்திரக் குரல்கள் நம் கைப்பேசிகளுக்கு வந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். ஆலய நிலம் என்றால் தோட்டத்து மக்களின் நெஞ்சு கொதிக்கும், அந்தக் கொதிப்பில் நியாயமும் உண்டு. அத்தகைய இரவில் பேச்சுக் குழுவையும் நிர்வாகி மட்டும் எழுதும்படி சில மணி நேரம் மூடிவைப்பதுதான் சரி. சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். சரிபார்க்க வேண்டியது இருந்தால் 2017இலிருந்து ‘செபெனார்ஞ்ய’ இணையத்தளம் இருக்கிறது.

சட்டமும் இருக்கிறது. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு பிறரைத் துன்புறுத்தும் நோக்கோடு அனுப்பும் பொய்யான செய்திகளைத் தொடுகிறது. சாட்சியச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 114ஏ பிரிவோ, நிர்வாகியாகவோ உரிமையாளராகவோ தன் பெயர் வெளிப்படும் ஒருவரை, அவர் மறுத்து நிரூபிக்காத வரை, வெளியிட்டவராகவே கொள்கிறது. குழு நிர்வாகிகளுக்குப் பொறுப்பு உண்டு என்று தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் நினைவூட்டியது. நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். தவறான செய்தியை எல்லாருடைய திரையிலிருந்தும் நீக்கும் அதிகாரம் இப்போது நிர்வாகிக்கு உண்டு. நீக்கிவிட்டு, ஏன் நீக்கினோம் என்று ஒரு வரி எழுதுங்கள். இனம், மதம், அரச குடும்பம் மூன்றும் பேச்சுக் குழுவிலும் வேண்டாம். கட்சி அரசியலும் வேண்டாம் என்பேன். தோட்டத்தில் ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் தேர்தல் காலத்தில் குழுவில் எழுதியதற்காக இன்றும் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறார்கள்.

இனி பணம். அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களின் சிறு சேமிப்பைச் சேர்த்து, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சுங்கை சிப்புட்டைத் தம் ஊராகக் கொண்ட அவர் பதிவும் கணக்கும் தணிக்கையும் உள்ள அமைப்பைக் கட்டியதால்தான் வெட்டுமரத்துக்காரர்களின் வெள்ளி தோட்டம் வாங்கும் பணமாக மாறியது. புலனக் குழுவில் அந்த மூன்றும் இல்லை. ஆகவே அதில் பொதுப்பணம் சேர்க்க வேண்டாம். ஆலயத் திருப்பணி என்றால் பதிவு பெற்ற ஆலய நிர்வாகத்தின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். ஈமச்சடங்குக்கு உதவி என்றால் அந்தக் குடும்பத்தின் கணக்கு எண்ணை, அவர்களிடம் நேரில் கேட்டு வாங்கி, செய்திக் குழுவில் போடுங்கள். இடையில் நிர்வாகியின் கணக்கு வரவேண்டாம், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். குழுக்களில் கூட்டு என்னும் சீட்டுப் பிடிக்கிறார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நிதியைத் தடை செய்திருக்கிறது என்பது நடத்துகிற பல அக்காமார்களுக்குத் தெரியாது. பணம் போனால் வழக்குப் போட்டு மீட்பதும் எளிதல்ல.

திருடர்களும் குழுவுக்குள் வருகிறார்கள். ஆறு இலக்க எண் ஒன்று தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள் என்று தெரிந்தவர் பெயரில் கேட்பார்கள். அனுப்பினால் உங்கள் புலனம் அவர்கள் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரிலேயே குழுவில் கடன் கேட்பார்கள். பழகிய பெயரைப் பார்த்தவுடன் தோட்டத்து மக்கள் கொடுத்துவிடுவார்கள், அந்த நம்பிக்கையைத்தான் திருடுகிறார்கள். அந்த எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே இயக்குங்கள். பணம் போய்விட்டால் உடனே 997க்கு அழையுங்கள்.

நிர்வாகிகள் எத்தனை பேர்? மூவருக்குக் குறையக் கூடாது, வெவ்வேறு வீடுகளிலிருந்து, வெவ்வேறு வயதில். ஒரே நிர்வாகி இருந்து அவர் விலகிவிட்டால் புலனம் யாரோ ஒருவரை நிர்வாகியாக்கிவிடும். யார் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றுகூடலில் எழுந்து நின்று பொறுப்பைக் கைமாற்றுங்கள். அப்போது குழுவில் இல்லாதவர்களின் காகிதப் பட்டியலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பழைய படங்களையும் குரல்களையும் பற்றியது, எனக்கு அதிகம் கவலை தருவதும் இதுதான். குழுவில் வரும் பெரட்டுக்களப் படம், தீமிதிப் படம், தமிழ்ப்பள்ளியின் ஆறாம் வகுப்புப் படம் எல்லாம் சுருங்கி, தெளிவு குறைந்துதான் வந்து சேர்கின்றன. அதையே சேமித்து மறுபடி மறுபடி ஏற்றினால் முகம் கரைந்துவிடும். படம் வைத்திருப்பவரிடம் அதை ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருங்காது. கைப்பேசி தொலைந்தால் எல்லாம் போய்விடலாம், மறையும் செய்திகள் என்ற அமைப்பை யாராவது இயக்கிவிட்டால் அதன்பின் வருபவை தாமாகவே மறைந்துவிடும். மாதம் ஒருமுறை ஓர் இளைஞர் அவற்றை எடுத்துக் கணினியிலும் தனியான ஒரு வட்டிலும் சேமிக்க வேண்டும். படத்தில் இருப்பவர்களின் பெயர், தோட்டம், தோராயமான ஆண்டு மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். பால் வெட்டிய கடைசித் தலைமுறை இப்போது எழுபது எண்பதில் இருக்கிறது. அவர்கள் குழுவில் அனுப்பிய குரல் பதிவுகளில் நிரை பிடித்த கதையும், ஆயாக்கொட்டகைத் தாலாட்டும், துண்டாடலின்போது வீட்டுச் சாமானோடு சாலையில் நின்ற நாளும் இருக்கின்றன. எந்த நூலகத்திலும் அவை கிடைக்காது.

உரை முடிந்ததும் பின்வரிசை மேசையில் நாலு தம்பி தங்கைகள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பும், யார் குழுவில் சேர்க்கலாம் என்ற அமைப்பும் உங்கள் கைப்பேசியில் சரியாக இருக்கிறதா என்று அவர்களிடம் காட்டிவிட்டுப் போங்கள். மேசையில் ஒரு நோட்டும் இருக்கிறது. புலனம் இல்லாத, உங்களுக்குத் தெரிந்த தோட்டத்துப் பெரியவர்களின் பெயரையும் லயத்தையும், அவர்களுக்குச் செய்தி சொல்லப்போகும் உங்கள் எண்ணையும் அதில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போகலாம். கேள்வி இருந்தால் இப்போது கேளுங்கள்.